பெட்டிக்குள் விடப்பட்ட எலி

2025 ஓகஸ்ட் மாதம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், டென்மார்க்கிலிருந்து என் தங்கையின் குடும்பம் உரும்பிராய்க்கு வந்திருந்தது. மருமகனுக்குப் பதினாறு வயது. அங்கே தன் அறையில் ஒரு பாம்பு வளர்க்கிறான். கோர்ன் பாம்பு என்று அதற்குப் பெயர். வட அமெரிக்காவைச் சேர்ந்தது. விஷமில்லை. எங்களுடைய சாரையின் தூரத்து உறவு என்று சொல்லலாம். அவன் வந்து நின்ற நாட்களில்தான் எங்கள் ஒழுங்கைப் பெடியள் மூன்று பேர் ஒரு வெங்கணாந்திக் குட்டியை மீன் தொட்டியில் அடைத்து வைத்திருப்பது தெரியவந்தது. வன்னியில் வேலைக்குப் போன இடத்தில் பிடித்ததாம்.

அந்தத் தொட்டிக்குள் அவர்கள் எலிப்பொறியில் விழுந்த எலி ஒன்றை உயிரோடு விட்டார்கள். மேலே பலகை வைத்து மூடினார்கள். பிறகு கைபேசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பாம்பு அசையவில்லை. பிடித்து வந்த பதற்றத்தில் இருக்கும் பாம்பு இரை எடுப்பது அரிது. எலி முதலில் மூலைக்கு மூலை ஓடியது. கண்ணாடியில் ஏறிப் பார்த்தது. பிறகு ஒரு மூலையில் ஒடுங்கியது. அதுவரை உள்ள காட்சி ரிக்ரொக்கில் போனது. சிரிப்புப் பாட்டும் சேர்த்திருந்தார்கள். இரவு அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். விடியப் பார்த்தபோது எலி உயிரோடிருந்தது. பாம்பின் முதுகில் இரண்டு இடத்தில் சதை இல்லை.

எனக்கு இது புதினமாக இருந்தது. மருமகனுக்கு இருக்கவில்லை. "மாமா, உயிரோடை எலியைப் போட்டிட்டு விட்டிட்டுப் போகக் கூடாது. பசிச்ச எலி பாம்பைக் கடிக்கும். அங்கை பாம்பு வாங்கேக்கையே முதல் சொல்லித் தாறது இதைத்தான்" என்றான்.

அதே வாரங்களில் ஐரோப்பாவில் வேறொரு சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 29 அன்று ஜெர்மனியின் நூரம்பேர்க் மிருகக்காட்சிசாலை, இடம் போதவில்லை என்று 12 பபூன் குரங்குகளைச் சுட்டது. 25 வளர்ந்த குரங்குகளுக்காகக் கட்டிய இடத்தில் 40க்கும் மேல் பெருகிவிட்டன என்றது நிர்வாகம். உடல்களின் ஒரு பகுதி ஊனுண்ணி விலங்குகளுக்குத் தீனியானது. சில நாட்கள் கழித்து டென்மார்க்கின் ஒல்போ மிருகக்காட்சிசாலை, மக்கள் வைத்திருக்க முடியாத கோழி, முயல், கினிப்பன்றி, குதிரை ஆகியவற்றைத் தந்தால், பயிற்சி பெற்றவர்கள் அவற்றை நோகாமற் கொன்று, சிவிங்கிப்பூனை போன்ற விலங்குகளுக்கு இரையாக்குவார்கள் என்று அறிவித்தது. உலகம் முழுவதும் கோபம் கிளம்பியது. இதே டென்மார்க்கில்தான் 2014 பெப்ரவரியில் மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியை கோபன்ஹேகன் மிருகக்காட்சிசாலை கொன்று சிங்கங்களுக்குக் கொடுத்தது.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இரை முதலில் கொல்லப்படுகிறது, பிறகு தீனியாகிறது. மற்றதில் இரை உயிரோடு, மூடிய பெட்டிக்குள் விடப்படுகிறது. முதலாவதற்கு உலகம் கொதிக்கிறது. இரண்டாவதற்கு ஊர் சிரித்து விருப்பக்குறி போடுகிறது. எது கொடுமை என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது.

உயிரோடு கொடுப்பதை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் காரணம், அதுதான் இயற்கை என்பது. பாம்பு காட்டில் செத்த எலியையா தேடுகிறது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது போலத் தெரியும். ஆனால் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் சாரை எலியைத் துரத்துவதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். தோட்டத்தில் எலிக்கு வளை இருக்கிறது. வேலி இருக்கிறது. வாழைக்கட்டைக்குக் கீழே பொந்து இருக்கிறது. சாரை பல தடவை வெறும் வாயோடு திரும்பும். பாம்புக்கும் ஒதுங்கிப் போக வழி இருக்கிறது. தொட்டிக்குள் இரண்டுக்கும் எதுவும் இல்லை. தப்பும் வழியை அடைத்தவர் மனிதர். நேரத்தைத் தீர்மானித்தவர் மனிதர். எனவே அங்கே நடப்பதை இயற்கையின் கணக்கில் எழுத முடியாது.

காட்டிலும் பாம்புகள் செத்த இரையைத் தின்பதுண்டு; ஆய்வாளர்கள் பல இனங்களில் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாம்புக்கு இரை ஓட வேண்டும் என்பதில்லை. அது நாக்கை நீட்டி மணத்தை எடுக்கிறது. வெங்கணாந்தி போன்றவற்றுக்கு உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. மணமும் சூடும் இருந்தால் பெரும்பாலான வளர்ப்புப் பாம்புகள் செத்த எலியை எடுத்துவிடும். மருமகன் செய்வது இதுதான்: உறைந்த எலியை முதல்நாள் இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுகிறான். பிறகு பையோடு சுடுநீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருகிறான். மைக்ரோவேவில் வைப்பதில்லை, அது உள்ளே ஒரு பக்கம் வேகவைத்து, மறுபக்கம் உறைந்தபடி விட்டுவிடும். எலியின் பருமன் பாம்பின் உடம்பில் அகலமான இடத்தின் அளவு இருக்க வேண்டும். நீண்ட இடுக்கியால் பிடித்து மெல்ல அசைத்துக் கொடுக்கிறான். எடுக்காவிட்டால் எறிந்துவிட்டு அடுத்த கிழமை பார்க்கிறான். வளர்ந்த பாம்பு ஒன்று இரண்டு கிழமை இரையில்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

செத்த இரை என்றால் கையில் இரத்தம் படவில்லை என்று அர்த்தமல்ல. எலியை யாரோ கொன்றிருக்கிறார்கள். மேற்கு நாடுகளில் அதற்கென்றே எலி வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன. அடுக்கடுக்கான தட்டுகளில் அவை பிறந்து, அங்கேயே முடிகின்றன. கரியமிலவாயுவை மெல்ல மெல்ல நிரப்பி மயங்க வைத்துக் கொல்வதும், பழகிய கையால் கழுத்து எலும்பை ஒரு நொடியில் விலக்குவதும் கால்நடை மருத்துவர்கள் ஏற்கும் முறைகள். உயிரோடு உறைய வைப்பதும் தண்ணீரில் அமுக்குவதும் ஏற்கப்படாதவை. ஊரில் பொறியோடு எலியை வாளித் தண்ணீரில் அமுக்குவது சாதாரணம். நானும் செய்திருக்கிறேன். அது எத்தனை நிமிடம் எடுக்கும் என்று அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை.

விதிவிலக்கும் உண்டு. காயப்பட்ட காட்டு விலங்கைச் சுகப்படுத்தித் திரும்ப விடப்போகிறவர்கள் அதற்கு வேட்டை மறக்காமல் பார்க்க வேண்டியிருக்கிறது. சில குட்டிகள் எதைச் செய்தாலும் செத்த இரையைத் தொடாது. ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் வாழும் சுவிற்சர்லாந்தின் 2008 விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இதைக் கணக்கில் எடுத்தே எழுதப்பட்டிருக்கின்றன. செத்த இரையால் உணவூட்ட முடியாதபோது, காட்டில் திரும்ப விடும் திட்டம் இருக்கும்போது, அல்லது இரண்டு விலங்கும் ஒரே அடைப்பில் வாழும்போது மட்டுமே உயிருள்ள இரை அனுமதிக்கப்படுகிறது. பிரித்தானியாவில் நேரடியான தடை எழுதப்படவில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், மனிதரின் கட்டுப்பாட்டிலுள்ள முதுகெலும்புள்ள விலங்குக்குத் தேவையற்ற துன்பம் கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. பெட்டிக்குள் விடப்பட்ட எலியும் மனிதரின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் 11ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. வேடிக்கைக்காக மட்டும் ஒரு விலங்கைக் கட்டியோ அடைத்தோ வைத்து இன்னொரு விலங்குக்கு இரையாக்குவது அங்கே குற்றம். ஆனால் முதற் குற்றத்துக்கான தண்டம் 10 முதல் 50 ரூபாய். எங்கள் நாட்டில் நிலைமை இன்னும் பழையது. வெள்ளைக்காரன் காலத்து 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் மிருகவதைக்கு அடிப்படை. அதன்படி ஆகக்கூடிய தண்டம் 100 ரூபா. ஒரு பிளேன்ரீயும் வடையும் அதைவிடக் கூட. 2006இல் இலங்கைச் சட்ட ஆணைக்குழு புதிய விலங்குநலச் சட்டமூலமொன்றை வரைந்தது. அதன் பிறகு எத்தனையோ ஆட்சிகள் மாறின. சட்டமூலம் மேசைக்கு மேசை இழுபட்டது.

பாம்பைப் பொறுத்தவரை வேறு சட்டமும் உண்டு. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெங்கணாந்தி பாதுகாக்கப்பட்ட இனம். அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். எனவே எங்கள் ஒழுங்கையில் 'உயிரோடு கொடுப்பதா, கொன்று கொடுப்பதா' என்ற கேள்வி வருவதற்கு முன்னரே தவறு நடந்துவிட்டது. டென்மார்க்கில் கூட்டிலேயே பிறந்து, கடையில் வாங்கிய பாம்பைப் பற்றி என் மருமகனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பாம்பு ஏன் தொட்டிக்குள் இருக்கிறது என்பது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், உயிரோடு எலி பிடித்துப் பாம்புக்குப் போடும் விளையாட்டு யாழ்ப்பாணத்தில் ஆபத்தானது. 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில், வடமராட்சிப் பக்கம் தொடங்கிய காய்ச்சலை மக்கள் முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள். பிறகு அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டால் போதும். தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கும் எங்களுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. அதே எலியை வெறுங்கையால் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருப்பதை என்னவென்று சொல்வது?

செத்த எலியும் ஆபத்தில்லாதது அல்ல. உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் பல சாகும்; கிருமிகள் எல்லாம் சாகாது. பிரித்தானியாவில் 2008 முதல் 2010 வரை, ஊர்வனவுக்குக் கொடுக்கும் உறைந்த எலிகளோடு தொடர்புபட்ட சல்மனெல்லா நோய் 400க்கு மேற்பட்டோருக்கு வந்தது. ஆகவே அந்த எலி சாப்பாட்டுப் பொருளோடு கிடக்கக் கூடாது. தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வளவில் செத்துக் கிடக்கும் எலி பெரும்பாலும் மருந்து தின்ற எலி. இரத்தத்தை உறைய விடாமற் செய்யும் எலிமருந்துகள் செத்த எலியின் ஈரலில் தங்கிவிடும். அதைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அது போகும். எலியைப் பிடிக்க இருந்தவற்றையும் எலியோடு சேர்த்து நாங்களே ஒழிக்கிறோம். பிறகு அடுத்த போகம் எலி கூடிவிட்டது என்று இன்னும் மருந்து வாங்குகிறோம்.

இதையெல்லாம் நான் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது பக்கத்து வீட்டு ஐயா சினந்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது தாயைக் கைத்தாங்கலாகக் கொண்டு போனவர். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை; அறைக்குள் புற்று இருந்தது. "தம்பி, அங்கை செம்மணியிலை எலும்புக்கூடு எண்ணிக்கொண்டிருக்கினம். மனிசருக்கே நீதி இல்லாத நாடு. நீர் எலிக்கு நீதி கேக்கிறீரோ?" என்றார்.

அவர் சொன்னதை நான் தள்ளிவிட முடியாது. உரும்பிராயிலிருந்து செம்மணி தொலைவில் இல்லை. சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் நடந்த அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் சிறுவர்களுடையவையும் உண்டு. அந்தக் குழிகளுக்கு முன்னால் எலியின் கதை ஒரு கதையே இல்லை. இரண்டையும் ஒரு தராசில் வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. அதை நான் செய்யவில்லை.

ஆனால் ஐயாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். "ஐயா, அந்த வீடியோவைப் பாத்தனீங்களோ?" பார்த்திருந்தார். பேரன் காட்டியிருக்கிறான். "பாதியிலை நிப்பாட்டச் சொல்லிப்போட்டன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எங்கள் தலைமுறைக்கு, போக வழியில்லாத இடத்தில் அகப்படுவது என்றால் என்னவென்று தெரியும். வழியை அடைத்தவர்கள் வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும். அந்தப் பெடியள் மூன்று பேரும் 2009க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்ல. கோயில் வேலைக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர்கள். அவர்களுக்கு வேலை நிரந்தரமில்லை. பொழுது நிறைய இருக்கிறது. கையில் கைபேசி இருக்கிறது. ஒரு உயிரின் பயத்தைப் படம் பிடித்தால் ஆட்கள் பார்ப்பார்கள் என்று அந்தக் கைபேசி அவர்களுக்குப் படிப்பித்திருக்கிறது. நான் கவலைப்படுவது அந்தப் படிப்பைப் பற்றித்தான். மனிதருக்கான நீதியைக் கேட்கும் சமூகம், அடைக்கப்பட்ட உயிரின் பதற்றத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகினால், நாளைக்கு எங்கள் வழக்கை யாருக்கு எடுத்துச் சொல்லப்போகிறோம்?

பாம்பும் இரையும் பற்றி எங்களிடம் பழைய கதை ஒன்று இருக்கிறது. நயினாதீவு அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்திப் போன நாகத்தைக் கருடன் மறித்தது. அவ்வழியே கப்பலில் வந்த ஒரு வணிகர் இடைநின்று நாகத்துக்காக மன்றாடினார். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு கற்களை இன்றும் கடலில் காட்டுவார்கள். அந்தக் கதையில் இரை நாகம். கருடனுக்குப் பசி. வணிகருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு போக அவரால் முடியவில்லை. நாங்களோ அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்து, புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறோம். பாம்பு பால் குடிப்பதில்லை. அது பாலூட்டியும் அல்ல. அதற்கு வேண்டியது எலியும் ஒதுங்க ஒரு வேலியும்தான்.

பாம்பைக் கூட்டில் வைப்பது எல்லாமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள், அந்த வியாபாரம் தடைசெய்யப்பட்ட பிறகு, விஷம் எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். பிடித்த பாம்பைச் சில கிழமைகள் மட்டும் வைத்திருந்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் கடிக்கு இந்தியாவில் செய்யப்படும் மருந்துக்கு அந்த விஷம் அடிப்படை. இலங்கை வைத்தியசாலைகள் பல தசாப்தங்களாக நம்பியிருப்பதும் இந்திய மருந்தைத்தான். யாழ்ப்பாணத்தில் சுருட்டை கடித்துத் தப்பிய ஒருவருக்கு, அந்தப் பானைக்குள் சில கிழமை கிடந்த பாம்புகளிடம் கடன் இருக்கிறது. அங்கே அடைத்து வைக்க ஒரு காரணம் இருக்கிறது. காலக்கெடு இருக்கிறது. முடிவில் விடுதலை இருக்கிறது. மீன் தொட்டியில் இந்த மூன்றும் இல்லை.

மருமகனிடமும் இதைக் கேட்டேன். உன் பாம்புக்கு என்ன காரணம், என்ன காலக்கெடு? கொஞ்ச நேரம் யோசித்தான். "அது அங்கத்தைய காட்டுப் பாம்பு இல்லை மாமா. வெளியிலை விட்டா குளிரிலை செத்திடும். இருபது வருசம் இருக்கும். நான்தான் பாக்கோணும்" என்றான். அந்தப் பதிலில் ஒரு பொறுப்பு இருந்தது. எடுத்த பிறகு கடைசிவரை பார்க்க வேண்டும். அதன் இரையாக வரும் எலி சாகும் விதத்துக்கும் தானே பொறுப்பு என்று அவன் விளங்கியிருக்கிறான். புலம்பெயர்ந்த நாடுகளில் பாம்பு வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளின் பெற்றோர், வாங்க முதல் பிள்ளையிடம் இதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கைக் கதை நல்லபடியாக முடிந்தது என்றே சொல்ல வேண்டும். மருமகன் அந்தப் பெடியளோடு அரை நாள் இருந்து கதைத்தான். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். தங்கள் வயதுக்காரன், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவன், பாம்பு வளர்க்கிறவன் சொன்னதைக் கேட்டார்கள். வீடியோவை அழித்தார்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தோம். வந்து எடுத்துச் சென்றார்கள். காயம் ஆறக்கூடியது என்று வந்தவர் பார்த்துச் சொன்னார். எலியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வேலிக்கு அங்காலே விட்டுவிட்டார்களாம். "அது ஒரு இரவு முழுக்கத் தப்பி நிண்டது அண்ணை, பிறகு எப்பிடிச் சாக்கொல்லுறது?" என்றான் அவர்களில் மூத்தவன்.

தோட்டக்காரனாக எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த எலி என் வெங்காயக் கொட்டிலுக்குத்தான் வரும். ஆனால் கொட்டிலுக்குப் பின்னால் வாழைக்குள் ஒரு சாரை இருக்கிறது. இந்த முறை எலிமருந்து வாங்கவில்லை. கொட்டிலை நிலத்திலிருந்து உயர்த்தி, சுற்றிவரப் பற்றையை வெட்டி, ஓட்டைகளை அடைத்திருக்கிறேன். மிச்சத்தை அவை இரண்டும் வெளியில் பார்த்துக்கொள்ளட்டும்.